தானாக அணைந்துபோகும் லேப்டாப்: காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழி

எங்கள் உறவு வட்டத்தில் யாருடைய லேப்டாப் சண்டித்தனம் செய்தாலும் போன் எனக்குத்தான் வரும். “தானாகவே அணைந்துவிடுகிறது” என்று தொடங்குவார்கள், அதே மூச்சில் “ஃபார்மேட் செய்துவிடலாமா?” என்று முடிப்பார்கள். அவசரப்படாதீர்கள் என்பதே என் முதல் பதில். நான் பார்த்தவரையில் இப்படி அணையும் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றின் கோளாறு சூட்டிலோ, மின்சாரம் வரும் வழியிலோ இருந்திருக்கிறது. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினால் விசிறியில் அடைத்த தூசி போய்விடுமா என்ன?

லேப்டாப் எப்போது அணைகிறது, எப்படி அணைகிறது என்ற இரண்டும் தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. அதைக் கண்டுபிடிக்கும் வரிசைதான் கீழே இருக்கிறது. விண்டோஸ் 10, 11 இயங்கும் லேப்டாப்பை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். சூடு, பேட்டரி, சார்ஜர் பற்றியவை மற்றவற்றுக்கும் பொருந்தும்.

படி 1: கோப்புகளைப் பத்திரப்படுத்துங்கள்

எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுபட்டால் கோப்பு கெடும். சில சமயம் வட்டின் அமைப்பே குலையும். எனவே சோதனை எதையும் தொடங்குமுன் முக்கியமானவற்றை வெளி வட்டுக்கோ பென்டிரைவுக்கோ மாற்றிவிடுங்கள். மொத்தமாக நகலெடுத்தால் நடுவில் அணையக்கூடும். சிறு சிறு தொகுதிகளாக, லேப்டாப் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் செய்யுங்கள்.

படி 2: உண்மையிலேயே அணைந்ததா?

இது வேடிக்கையான கேள்வியாகத் தெரியலாம். ஆனால் “அணைந்துவிட்டது” என்று சொல்லி என்னிடம் வந்தவற்றில் சில அணையவே இல்லை. திரை கறுத்த அந்த நிமிடத்தில் பவர் பட்டனை அழுத்தாமல் மூன்று விஷயங்களைப் பாருங்கள். விசிறிச் சத்தம் கேட்கிறதா? கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? செல்போன் டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்த்துப் பிடித்தால் உள்ளே மங்கலாக எழுத்தோ படமோ தெரிகிறதா?

டார்ச் வெளிச்சத்தில் படம் தெரிந்தால் லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கிறது, திரையின் பின்னொளி மட்டும் போயிருக்கிறது. கேப்ஸ் லாக் விளக்கு வேலை செய்து படம் இல்லையென்றால் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் படத்தைக் கொண்டுவரும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். பெரும்பாலும் ஒரு ‘பீப்’ சத்தத்தோடு திரை திரும்பிவிடும். அப்படித் திரும்பினால் நீங்கள் தேட வேண்டியது டிரைவர் கோளாறு.

உறக்கநிலைக்குப் போவதும் அணைவது போலவே தோற்றமளிக்கும். என் பெரியம்மா மகள் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர். “தம்பி, இது என்னைக் கண்டால்தான் அணைகிறது. அவர் உட்கார்ந்து மணிக்கணக்காகப் படம் பார்த்தாலும் ஒன்றும் ஆவதில்லை” என்றார். சிரித்துவிட்டேன். நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது சிரிப்பு அடங்கியது. அவர் தட்டச்சு செய்யும்போது ஒன்றும் ஆகவில்லை. இடது கையை விசைப்பலகைக்குக் கீழே ஓய்வாக வைத்தபோதெல்லாம் திரை கறுத்தது. கையில் புதிதாக வாங்கிய கைக்கடிகாரம். அதன் பட்டையில் காந்தக் கொக்கி.

மூடியை மூடினால் லேப்டாப் உறங்குவது எப்படி என்று யோசித்தால் இதன் சூட்சுமம் புரியும். மூடியின் விளிம்பில் ஒரு சிறு காந்தமும், அதற்கு நேர் கீழே, கை வைக்கும் பகுதியின் அடியில், காந்தத்தை உணரும் ஒரு சென்சாரும் இருக்கும். கடிகாரக் காந்தம் அதன்மேல் வந்தால் மூடி மூடப்பட்டதாக லேப்டாப் எடுத்துக்கொள்ளும். காந்தம் வைத்த செல்போன் உறை, மேஜையில் அடியில் கிடக்கும் இன்னொரு லேப்டாப் ஆகியவையும் இதைச் செய்யும். கடிகாரத்தைக் கழற்றி வைத்ததோடு அக்காவின் லேப்டாப் சரியாகிவிட்டது. அதற்குமுன் இரண்டு முறை ஃபார்மேட் செய்து, ஒரு பேட்டரியும் மாற்றியிருந்தார்கள்.

படி 3: லேப்டாப் எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படியுங்கள்

விண்டோஸ் தன் சாவைப் பற்றியும் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறது. ஸ்டார்ட் பட்டனின்மேல் வலது கிளிக் செய்து ‘ஈவன்ட் வியூவர்’ திறவுங்கள். இடப்பக்கம் ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘சிஸ்டம்’. பார்த்தால் ஆயிரக்கணக்கான வரிகள்; சிவப்பு, மஞ்சள் குறிகள். பயந்துவிடாதீர்கள், நல்ல லேப்டாப்பிலும் அப்படித்தான் இருக்கும். வலப்பக்கத்தில் ‘ஃபில்டர் கரன்ட் லாக்’ கிளிக் செய்து, எண்களுக்கான கட்டத்தில் 41, 42, 86, 506, 1074, 6008 என்று காற்புள்ளி இட்டு நிரப்புங்கள். மிஞ்சுகிற சில வரிகளே போதும்.

1074 இருந்தால் யாரோ முறைப்படி அணைத்திருக்கிறார்கள். அந்த யாரோ ஒரு மனிதராகவும் இருக்கலாம், விண்டோஸ் அப்டேட்டாகவும் இருக்கலாம். எந்த நிரல் ஆணையிட்டது என்பது வரியிலேயே இருக்கும். சரியாக மணிக்கு ஒரு முறை அணைகிற லேப்டாப்பை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் யாரோ நிறுவனங்களுக்கான விண்டோஸின் 90 நாள் சோதனைப் பதிப்பை அதில் போட்டு விட்டிருந்தார். கெடு முடிந்தால் அந்தப் பதிப்பு மணிக்கொரு முறை தன்னை அணைத்துக்கொள்ளும். அந்த ஒரே ஒரு நோய்க்கு ஃபார்மேட்தான் மருந்து.

42 அல்லது 506 இருந்தால் அது உறக்கம். காரணம் என்ற இடத்தில் மூடி அல்லது பட்டன் என்று குறிப்பிட்டிருந்தால் மேலே சொன்ன காந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். 86 என்றால் ஆபத்தான சூடு என்று விண்டோஸே அணைத்திருக்கிறது. நேராக 5ஆம் படிக்குப் போகலாம்.

6008 ‘எதிர்பாராமல் அணைந்தது’ என்று சொல்லும். வரியின் தலையில் உள்ள நேரம் மறுபடி போட்ட நேரம். அணைந்த நேரம் வரிக்குள்ளே இருக்கும். பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

41 என்பது எல்லோரும் கூகுளில் தேடிக் கலங்கும் எண். ‘ஒழுங்காக அணையாமல் மறுபடி தொடங்கியிருக்கிறேன்’ என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. ‘டீட்டெய்ல்ஸ்’ பகுதிக்குள் போனால்தான் விஷயம் இருக்கிறது. அங்கே ‘பக்செக் கோடு’ 0 என்று இருந்தால் விண்டோஸுக்குக் குறிப்பு எழுதக்கூட நேரம் கிடைக்காமல் மின்சாரம் அறுந்திருக்கிறது என்று பெரும்பாலும் பொருள்: சூடு, பேட்டரி, சார்ஜர், மதர்போர்டு. 0 இல்லாமல் வேறு எண் இருந்தால் விண்டோஸ் நிலைகுலைந்து, பிழையைக் காட்டும் நீலத் திரை வந்திருக்கிறது. அது வேகமாக வந்து போய்விட்டதால் உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அண்மைய விண்டோஸ் 11இல் அந்தத் திரை கறுப்பு நிறத்துக்கு மாறிவிட்டது என்பதால் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. அந்த எண் 159 என்றால் பெரும்பாலும் டிரைவர். 292 என்றால் வன்பொருளே பிழையைத் தெரிவித்திருக்கிறது.

படி 4: விண்டோஸை விசாரணையிலிருந்து விலக்குங்கள்

41, அதோடு 0. இந்த ஜோடிதான் உங்களுக்குக் கிடைத்ததா? லேப்டாப்பைப் போடும்போதே எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டி, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸ் அமைப்புக்குள் போங்கள். விசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அங்கே எதையும் மாற்றாமல் அப்படியே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பயாஸில் இருக்கும்போது விண்டோஸ் ஓடவே இல்லை. அங்கேயும் அணைந்தால் வைரஸ், டிரைவர், அப்டேட் என்ற பேச்சையெல்லாம் அன்றோடு மறந்துவிடலாம்.

அங்கே அணையவில்லை என்பதால் விண்டோஸ்தான் குற்றவாளி என்றும் ஆகிவிடாது. பயாஸில் லேப்டாப்புக்கு வேலை குறைவு. பாரம் ஏறும்போது மட்டும் அணைகிற கோளாறு அங்கே வெளிப்படாமல் போகலாம். பென்டிரைவிலிருந்து, விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு லினக்ஸை நிறுவாமலே ஓட்டி, ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

படி 5: சூடு

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். மூன்று ஆண்டுக்கு மேல் உழைத்த லேப்டாப்புகளில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, ‘சென்சார்ஸ்’ மட்டும் திறந்து ஓடவிடுங்கள். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது பிராசஸர் 40 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நம் ஊர் வெயிலுக்கு அது இயல்பு. வேலை செய்யும்போது 80, 90 வரை ஏறுவதும் இன்றைய மெலிந்த லேப்டாப்புகளில் சாதாரணம்தான். இன்டெல் பிராசஸர்கள் பலவற்றின் எல்லை 100 டிகிரி. அதை நெருங்கும்போது பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குறைத்தும் சூடு இறங்கவில்லை என்றால்தான், உயிரைக் காப்பாற்றிக்கொள்ள, யாரையும் கேட்காமல் மின்சாரத்தை வெட்டிக்கொள்ளும். விண்டோஸிடம்கூடச் சொல்லாது. 41, 0 என்று பதிவாவது அதனால்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு: அணைந்த பிறகு கடைசி வெப்பநிலை எவ்வளவு என்று எப்படிப் பார்ப்பது? ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் பதிவு செய்யும் பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் இரண்டு விநாடிக்கு ஒருமுறை எல்லா அளவுகளையும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். அணைந்து மறுபடி போட்டதும் அந்தக் கோப்பை எக்செல்லில் திறந்து கடைசி வரிகளைப் பாருங்கள். 97, 99, 100 என்று ஏறி அறுந்திருந்தால் சூடு. 62 டிகிரியில் சாவகாசமாக இருந்து அறுந்திருந்தால் சூட்டைக் குறை சொல்ல முடியாது. அடுத்த படிக்குப் போங்கள். நான் இதுவரை பயன்படுத்திய சோதனைகளிலேயே செலவில்லாமல் உண்மையைச் சொன்னது இதுதான்.

உறுதிப்படுத்த இன்னொரு வழியும் உண்டு. கன்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’, அதில் மேம்பட்ட அமைப்புகள், ‘பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட்’, அதில் அதிகபட்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள். வேலை கூடும்போது பிராசஸர் கூட்டிக்கொள்ளும் டர்போ வேகம் முழுவதும் நின்றுவிடும்; சூடு பத்துப் பதினைந்து டிகிரி இறங்குவதும் உண்டு. 99இல் வைத்த பிறகு அணைவது நின்றால் காரணம் சூடாக இருக்கலாம். வெப்பநிலைப் பதிவில் சூடு தெரியவில்லையென்றால், பாரம் தாங்காத பேட்டரியோ சார்ஜரோ. சில புதிய லேப்டாப்புகளில் இந்த வரி மறைந்திருக்கும்.

சூடு என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டியது சுத்தம். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். விசிறியையும் செம்புக் குழாயையும் எளிதில் அடையாளம் காணலாம். பலரும் வெளியிலிருந்து காற்றடித்துவிட்டு ‘சுத்தம் செய்தாயிற்று’ என்கிறார்கள். விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவே ஓர் இடுக்கு இருக்கிறது. தலைமுடி, துணி நூல், தூசி எல்லாம் அங்கேதான் சேர்ந்து படிந்து, பழைய ஜமுக்காளத்தில் வெட்டியெடுத்த துண்டு போலக் கெட்டியாக நிற்கும். வெளியிலிருந்து காற்றடித்தால் அது இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். விசிறியின் திருகுகளைக் கழற்றித் தூக்கினால்தான் அந்தப் படலம் கண்ணில் படும். பல் குத்தும் குச்சியால் ஓரத்தை நெம்பினால் முழுசாக உரிந்து வரும். விசிறிக்குக் காற்றடிக்கும்போது அதன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் அதன் தாங்கி கெட்டுவிடும்.

பிராசஸரின் சூட்டைச் செம்புத் தகட்டுக்குக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தால் 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு கடுகை விடச் சற்றுப் பெரிய அளவு இடுங்கள். பிராசஸரின்மேல் உள்ள செம்புத் தகட்டைக் கழற்றியே பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையைக் கடையில் கொடுப்பது நல்லது. உத்தரவாதக் காலம் முடியாத லேப்டாப் என்றால் திறக்கவே வேண்டாம்.

மெத்தைமேல், தலையணைமேல் வைத்து வேலை செய்வதைப் பற்றி எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நான் வேறு சொல்ல வேண்டாம்.

படி 6: பேட்டரியும் சார்ஜரும்

நம் வீடுகளில் இதற்கு இலவசமாகவே ஒரு சோதனை நடந்துகொண்டிருக்கிறது: மின்வெட்டு. சார்ஜரில் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப் கரன்ட் போன நொடியில் அணைந்தால் பேட்டரி பெயருக்குத்தான் உள்ளே இருக்கிறது. கரன்ட் இருக்கும்போது அணைந்து, பேட்டரியில் மட்டும் ஒழுங்காக ஓடினால் சந்தேகம் சார்ஜர் பக்கம்.

பேட்டரியின் உடல்நிலையை விண்டோஸே அறிக்கையாகத் தரும். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் ‘பவர்’ என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளை ஒட்டி, ஓர் இடைவெளி விட்டு, முன்பக்கம் சாயும் சாய்கோடு போட்டு, ‘பேட்டரி ரிப்போர்ட்’ என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்து என்டர் தட்டுங்கள். அறிக்கை எந்த இடத்தில் சேமிக்கப்பட்டது என்று அங்கேயே வரும். அதில் ‘டிசைன் கப்பாசிட்டி’ பிறந்தபோது இருந்த கொள்ளளவு; ‘ஃபுல் சார்ஜ் கப்பாசிட்டி’ இன்றைய கொள்ளளவு. 42,000 மில்லிவாட்-மணி இருந்தது 18,000 ஆகியிருந்தால் பாதிக்கு மேல் போய்விட்டது. லித்தியம் பேட்டரிகள் பொதுவாக 300 முதல் 500 முறை முழுமையாக நிரம்பிக் காலியானதும் தளரத் தொடங்கும்.

‘இன்னும் 35 சதவீதம் காட்டுகிறதே, எப்படி அணையும்?’ என்று கேட்பார்கள். பேட்டரிக்குள் பல செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் நலிந்திருந்தால், நீங்கள் பெரிய கோப்பைத் திறக்கும் அந்த நொடியில் அதன் மின்னழுத்தம் மட்டும் சட்டென்று சரியும். பேட்டரியின் காவல் சுற்று உடனே துண்டித்துவிடும். 35 என்பது கணக்கிட்டு ஊகித்த எண்தானே தவிர அளந்து பார்த்ததில்லை. சார்ஜர் போட்டிருக்கும்போதும் இது நடக்கலாம். பாரம் உச்சத்தில் இருக்கும்போது பல லேப்டாப்புகள் சார்ஜரோடு பேட்டரியிலிருந்தும் சேர்த்து மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன.

பேட்டரி உப்பியிருந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். டச்பேட் மேலெழும்பி அழுத்த முடியாமல் போவது, சமதளத்தில் வைத்தால் லேப்டாப் ஆடுவது, மூடி சரியாகப் பொருந்தாதது ஆகியவை அறிகுறிகள். அன்றோடு பயன்படுத்துவதை நிறுத்துங்கள். அழுத்தவோ துளையிடவோ நெம்பவோ கூடாது, தீப்பற்றும். வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

சார்ஜரில் முதலில் பார்க்க வேண்டியது அதன் முதுகில் உள்ள எழுத்துகள். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் பெருக்கிப் பாருங்கள், 65 வாட். லேப்டாப்போடு வந்தது 65 வாட், இப்போது கையில் இருப்பது அண்ணனுடைய 45 வாட் என்றால், பிரவுசர் திறக்கும்வரை ஒன்றும் தெரியாது. வீடியோ கால் தொடங்கியதும் திணறும். யுஎஸ்பி-சி சார்ஜர்களில் இந்தக் குழப்பம் மிக அதிகம். துளையில் பொருந்துகிறது என்பதால் செல்போன் சார்ஜரைச் செருகிவிடுகிறார்கள்.

அடுத்து, ஒயரை லேப்டாப் அருகிலும் சார்ஜர் பெட்டி அருகிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். சார்ஜ் விளக்கு மினுக்கினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பின் செருகும் துளை ஆடினால் அது சார்ஜரின் குற்றமாகாது. லேப்டாப்புக்குள் இருக்கும் ஜாக் தளர்ந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றலாம். மலிவு சார்ஜர்களைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், அதே வாட் அளவு அச்சிட்டிருந்தும் பாரத்தில் அதைத் தராத சார்ஜர்களைப் பார்த்துவிட்டேன். சந்தேகம் இருந்தால் அதே மாடல் வைத்திருக்கும் நண்பரிடம் அசல் சார்ஜரை ஒருநாள் இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள்.

படி 7: மிச்சம் இருப்பவை

41இல் 0 அல்லாத எண் வந்தவர்களுக்கு இது. விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் sysdm.cpl என்று அடித்து சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ் திறந்து, ‘அட்வான்ஸ்ட்’ பகுதியின் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’யில் தானாக மறுதொடக்கம் செய்வதற்கான குறியை எடுத்துவிடுங்கள். இனி பிழைத் திரை வந்தால் நிற்கும், செல்போனில் படமெடுத்துக்கொள்ளலாம். அதற்குமுன் கடைசியாக என்ன நிறுவினீர்கள் என்று யோசியுங்கள். கிராஃபிக்ஸ், வைஃபை டிரைவர்களைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். ராம் மேல் சந்தேகம் இருந்தால் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் போட்டு இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் பெரும்பாலும் அந்த ராம் கெட்டதுதான். எஸ்எஸ்டியின் நிலையைக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் சொல்லும்.

பயாஸ் அப்டேட் செய்யச் சொல்லி யாராவது ஆலோசனை தருவார்கள். நடுவில் அணையும் லேப்டாப்பில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். பாதியில் அறுந்தால் பிறகு லேப்டாப் எழுந்திருக்காது.

படி 8: கடைக்குப் போகும் நேரம்

சூடு இல்லை, பேட்டரி நலம், சார்ஜர் மாற்றிப் பார்த்தாயிற்று, பயாஸிலும் அணைகிறது என்றால் மதர்போர்டில் கோளாறு. காபி கொட்டியது, மழையில் பை நனைந்தது, எறும்பு உள்ளே குடியேறியது என ஏதாவது நடந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் திறந்தால் தெரிந்துவிடும். தேடும் நேரத்துக்கான கூலிதான் உங்களுக்குக் கூடும்.

ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள்: எத்தனை நிமிடத்தில் அணைகிறது, கடைசி வெப்பநிலை எவ்வளவு, பேட்டரி அறிக்கையின் இரண்டு எண்கள், பயாஸில் என்ன ஆனது. ‘மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்று சொன்னால், முழுதாக மாற்றாமல் மின்வழங்கும் பகுதியை மட்டும் பழுதுபார்க்க முடியுமா என்று கேளுங்கள். சிப் அளவில் வேலை செய்பவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். கழற்றும் பழைய உதிரிபாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாங்கி வந்த அன்றே, 5ஆம் படியில் குறைத்த 99ஐ மறுபடி 100 ஆக்கி, வெப்பநிலைப் பதிவை ஓடவிட்டு, இரண்டு மணி நேரம் வீடியோ காலில் உட்கார்ந்து பாருங்கள்.